ஆடி வந்தாச்சு... கணக்கு முடிஞ்சாச்சா?

உங்களுக்கெல்லாம் கணக்கு வருஷம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில், குறிப்பாக ஆலங்குடியைத் தாண்டி கிழக்கே போய்விட்டால், அது ஆடியில்தான் முடிகிறது. இதை எந்த பி.காம். பாடப் புத்தகத்திலும் தேடாதீர்கள், இருக்காது. நானும் மூணு வருஷம் மன்னர் கல்லூரியில் பெஞ்சைத் தேய்த்தவன்தான். டெபிட், கிரெடிட் எல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஆடி மாசத்தை மட்டும் சிலபஸில் சேர்க்கவில்லை!

ஆடி எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய ஆறு மாசத்தை நாங்கள் எப்படிக் கழிக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோடை என்றொரு கூத்து

மற்ற ஊர்களில் கோடை என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு மோரைக் குடித்துக்கொண்டு வீட்டோடு கிடப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டில் இருப்பவனை, 'உடம்புக்கு ஏதும் முடியலையா?' என்று விசாரிப்பார்கள்.

வருஷம் பிறந்த கையோடு கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் ஜல்லிக்கட்டு. அங்கே வாடிவாசல் திறந்தால் அப்புறம் மே மாசம் வரை மாவட்டத்தில் எங்காவது ஒரு மூலையில் மாடு ஓடிக்கொண்டேதான் இருக்கும் (பின்னாலேயே நாங்களும்). நடுவிலே மாசியில் திருவப்பூர் மாரியம்மன், பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன், கொன்னையூர் மாரியம்மன் என்று பூச்சொரிதல், பால்குடம், தேர். வெயில் ஏறி கண்மாய்த் தண்ணி வற்றினால் மீன்பிடித் திருவிழா. ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கும். கரையில் நிற்கிறவர் வெள்ளைக்கு அடுத்து சேற்று நிற வேட்டியோடுதான் திரும்புவார்.

வைகாசி வந்தால் கல்யாணம். ஒரே முகூர்த்தத்தில் நாலு கல்யாணம் வரும். ஒரு மண்டபத்தில் இட்லி, அடுத்ததில் தாலி, மூன்றாவதில் பந்தி, நாலாவதில் 'ஏன் லேட்டு?' அப்புறம் காது குத்து, புது வீடு. வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா சீஸன். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்குவார்கள். ஒரு பலாப்பழத்தை அறுத்து முடிப்பதற்குள் வீட்டுக் கதவு, ஃபேன் சுவிட்ச், டி.வி. ரிமோட் எல்லாம் பிசுபிசுவென்று ஆகியிருக்கும்.

இப்படியே ஆனி கழியும். திடீரென்று ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால்... வீட்டில் ஒருத்தரையும் காணோம். ஸ்பீக்கர் செட் சத்தம் இல்லை. காலண்டரைப் பார்த்தால் ஆடி 1!

மஞ்சப் பையும் மற்றவையும்

ஆடியில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. அதனாலேயே ஆடியைப் போல ஒரு நல்ல மாசம் கிடையாது என்பது என் கட்சி. அப்போதுதான் மனுஷனுக்குச் சொந்த வீட்டைச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

இந்த வருஷம் அப்படிச் சுற்றிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த ஸ்டாக் லிஸ்ட் இது:

தாம்பூல மஞ்சப் பை: 31. அதில் பன்னிரண்டில் தேங்காய் அப்படியே இருந்தது. (அன்று முதல் எங்கள் வீட்டில் காலை சட்னி, மதியம் துவையல், ராத்திரி மறுபடியும் சட்னி.)

'அப்புறம் கூப்பிடறேன்' என்று நான் சொல்லி போனை வைத்த ஆட்கள்: 17. அவர்களில் இருவர் அதற்குள் வீட்டில் விசேஷமே முடித்துவிட்டார்கள்.

சர்வீஸுக்குக் கெஞ்சும் பைக்: 1. ஸ்டார்ட் செய்தால் ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி ஒரு உறுமல், அப்புறம் அடக்கம்.

கரண்ட் பில்: 1. ஆனால் ஒன்றே போதும். விருந்தாளிகள் இருந்த ரெண்டு மாசமும் மூணு ஃபேனும் ஒரு ஏ.சி.யும் ஓய்வெடுக்கவில்லை. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை சார், கீழே இருக்கிற யூனிட்டுக்கும் ரேட் மாறிவிடும். எங்கள் மீட்டர் 512 காட்டியது. அந்தப் பன்னிரண்டு யூனிட்டை எந்தச் சித்தப்பா பிள்ளை செலவழித்தான் என்று குடும்பத்தில் இன்னும் விசாரணை நடக்கிறது.

இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்: வழக்கமாக ஜூலை 31 கடைசி நாள். அதாவது, ஆடியின் நட்டநடு! சர்க்காருக்கும் ஆடியில்தான் பாக்கி ஞாபகம் வருகிறது பாருங்கள்.

இதெல்லாம் சில்லறை. பைக்கை மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டு, முடியை வெட்டிக்கொண்டு, பதினேழு பேருக்கும் போன் போட்டால் நாலு நாளில் தீர்ந்துபோகும். தீராத ஒரு பாக்கி இருக்கிறது. அது பீரோவில், அப்பாவின் வேட்டிகளுக்கு அடியில், நீள நோட்டு ஒன்றில் இருக்கிறது. அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் இரண்டே எழுத்து: மொய்.

சாப்பிட்டுவிட்டுக் கடன் கொடுப்பவர்கள்

1992-ல் வந்த 'சின்னக் கவுண்டர்' படம் பார்த்திருப்பீர்கள். கடனை அடைக்க சுகன்யா மொய் விருந்து வைக்க, விஜயகாந்த் சாப்பிட்டுவிட்டு இலைக்கு அடியில் தாலியை வைத்துவிட்டுப் போவாரே... அதே மொய் விருந்துதான். ஆனால் எங்கள் பக்கத்தில் தாலி வைத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ரொக்கம், இல்லாவிட்டால் ஸ்கேன் பண்ணுங்க!

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கமும், அதை ஒட்டி தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கமும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காது குத்து என்று எந்தச் சாக்கும் தேவையில்லை. விருந்தே விசேஷம்! பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். சமையல், பந்தல், பத்திரிகைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, தனியே சைவப் பந்தி. சாப்பிட்டு வெளியே வந்தால் வரிசையாக மேசைகள். குடும்பத்துக்கு ஒரு மேசை. மேசைக்கு ஓர் எழுதுகிறவர், ஒரு வாங்குகிறவர், ஓர் எவர்சில்வர் அண்டா.

விதிமுறை ரொம்ப எளிது. நீங்கள் எனக்கு 5,000 ரூபாய் எழுதினீர்கள் என்று வையுங்கள். உங்கள் விருந்துக்கு நான் வந்து 10,000 எழுதுவேன். அதில் ஐந்து உங்கள் பழைய பணம்; மீதி ஐந்து என்னுடைய புது மொய். அடுத்த முறை அதை நீங்கள் எனக்குத் திருப்ப வேண்டும், மேலே புதிதாகக் கொஞ்சம் போட்டு. ஒரு குடும்பம் ஒருமுறை வைத்தால் அடுத்தது பொதுவாக அஞ்சு வருஷம் கழித்துத்தான்.

வட்டி கிடையாது. பத்திரம் கிடையாது. ஜாமீன் கிடையாது. 'சிபில் ஸ்கோர் கம்மியா இருக்கே சார்' கிடையாது. இத்தாலிக்காரர் லூகா பசியோலி இரட்டைப் பதிவு முறையை 1494-ல் வெனிஸில் புத்தகமாக அச்சுப் போட்டார். கணக்கியலின் தந்தை என்று அவர் படத்தைத்தான் எங்களுக்குக் காட்டினார்கள். எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு அவரைத் தெரியாது. ஆனால் வரவும் பற்றும் அத்துப்படி.

தொகையும் லேசுப்பட்டதில்லை. 2019-ல் வடகாட்டில் ஒரே குடும்பத்துக்கு 4 கோடி ரூபாய் சேர்ந்தது என்று பத்திரிகைகளிலெல்லாம் செய்தி வந்தது. நோட்டு எண்ணுகிற மெஷின், கம்ப்யூட்டர் ரசீது எல்லாம் இப்போது சகஜம். இந்தப் பணத்தில்தான் எங்கள் பக்கத்தில் போர் போட்டார்கள், வீடு கட்டினார்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். சமஸ்தான காலத்தில் 'அம்மன் காசு' என்று சொந்தமாகவே நாணயம் வைத்திருந்த ஊர் இல்லையா நம்முடையது! 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. சொந்தக் காசு போனாலும் சொந்த பாங்கை மட்டும் விடவில்லை.

மாப்ளையின் மாதச் சம்பளம்

எல்லாம் பேஷ் என்று நான் சொல்லிவிட்டால் என் மாப்ள என்னை அடிக்க வருவான். புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆபீஸில் வேலை, மாசம் 28,000 ரூபாய். ஊரில் அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து மொய் நோட்டு அவன் கைக்கு வந்திருக்கிறது.

"இந்த ஆடி, ஆவணிக்கு மட்டும் எனக்குப் பதினாலு பத்திரிகைடா. கூட்டிப் பாத்தா தொண்ணூறாயிரம். மூணு மாசச் சம்பளத்தை அப்படியே அண்டாவுல போடணும். நான் என்னடா பண்ணுவேன்?"

"என்ன பண்ணின?"

"மொபைல் ஆப்புல லோன் போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வட்டியே இல்லாத கடனை அடைக்க, வட்டி போட்டுக் கடன்! பசியோலி கேட்டிருந்தால் இரண்டாவது புத்தகமே எழுதியிருப்பார்.

மாப்ளைக்கு நேர்ந்தது அவனுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. மொய் விவசாயிக்காகத் தைத்த சட்டை. அவருக்கு ஒரு சீஸனில் தேங்காய், பலா, பூ, கடலை என்று மொத்தமாகப் பணம் வரும். மொத்தமாக வந்ததை அண்டாவில் போடுவார். தேவைப்படும்போது விருந்து வைத்து மொத்தமாக எடுப்பார். நமக்கோ மாசம் ஒண்ணாம் தேதி வருகிற சம்பளம் அஞ்சாம் தேதிக்குள் வாடகை, ஈ.எம்.ஐ., பால்காரர் என்று பிரிந்து போய்விடுகிறது. ஆடி மட்டும் பழையபடி மொத்தமாகத்தான் கேட்கிறது.

விவசாயிக்கே இந்தச் சட்டை சில வருஷம் கழுத்தை இறுக்கியிருக்கிறது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். ட்ரங்குப் பெட்டியில் மொய்ப் பணம் வைத்திருந்தவர்கள் பாங்க் வாசலில் வரிசையில் நின்றார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரமே வருமானம் என்றிருந்த குடும்பங்கள் மொய்யைத் திருப்ப மனசு இருந்தும் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றன. 2020-ல் கொரோனா, பந்தல் போடவே வழியில்லை. அண்டா கவிழ்ந்தே கிடந்தது.

"அப்ப எல்லாத்தையும் நிறுத்திட வேண்டியதுதானே?" என்று சென்னையிலிருந்து வந்த என் அத்தை மகன் கேட்டான். ஐ.டி. கம்பெனிக்காரன். சுலபமாகக் கேட்டுவிட்டான். நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பாவின் பேலன்ஸ் ஷீட்

எங்கள் வீட்டில் கடைசியாக விருந்து வைத்தது 2017 ஆடியில். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், பன்னிரண்டு குடும்பத்தோடு சேர்ந்து. எங்கள் அண்டாவுக்கு வந்தது 6,20,000 ரூபாய். அதில் 2,30,000 அப்பா முன்னே மற்றவர்களுக்கு எழுதியது திரும்பி வந்தது. மீதி 3,90,000 புது மொய், அதாவது கடன். அந்தப் பணத்தில்தான் தோட்டத்தில் போர் போட்டோம். தங்கையின் நர்சிங் படிப்புக்கு முதல் ரெண்டு வருஷ ஃபீஸ் கட்டினோம்.

அப்பா 2021-ல் போய்ச் சேர்ந்தார். 2022-ல் எங்கள் முறை வந்தபோது அம்மா, "இப்ப வேணாம்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் மற்றவர்கள் விருந்துக்கெல்லாம் நான் போய் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நோட்டை மூன்று ராத்திரி புரட்டி, எக்ஸெல்லில் ஏற்றி, காலேஜில் கற்றதை முதல்முறையாக வீட்டுக்குப் பயன்படுத்தினேன். திருப்பியது 2,74,000. இன்னும் திருப்ப வேண்டியது பத்தொன்பது பேருக்கு 1,16,000. அதில் ஏழு பேர் இந்த ஆடி, ஆவணியிலேயே விருந்து வைக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் 52,000. அந்தப் பக்கம், நாங்கள் எழுதிய புது மொய் மற்றவர்களிடம் நிற்பது 3,35,000.

பி.காம். மூளை சந்தோஷப்பட்டது. கழித்தால் 2,19,000 ரூபாய் நமக்கு லாபம்!

சந்தோஷம் அஞ்சு நிமிஷம்தான். அந்த 3,35,000-ஐ நான் எந்த ஏ.டி.எம்.மில் எடுப்பது? வீடு வீடாகப் போய், 'எங்க அப்பா எழுதினதைக் குடுங்க' என்று கேட்க முடியுமா? முடியாது. அது கைக்கு வர ஒரே வழி விருந்து வைப்பதுதான். விருந்து வைத்தால் பழையது வரும். கூடவே புது மொய்யும் வரும், அதாவது புதுக் கடன். நிறுத்தினால் வர வேண்டியது போச்சு. நடத்தினால் இன்னொரு அஞ்சு வருஷத்துக்குத் திருப்பும் வேலை. புலிவாலைப் பிடித்த கதைதான். என்ன, இந்தப் புலி கறிச் சோறு போடுகிறது!

அத்தை மகனிடம் ஸ்க்ரீனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். "இதுக்கு எங்க கம்பெனியில ஒரு டீமே வேணும்" என்றான்.

வடக்குத் தெரு அப்பத்தா

ஆடி இரண்டாவது ஞாயிறு, ஏழு பேரில் மூன்று பேருக்கு ஒரே பந்தலில் விருந்து. அதில் ஒருத்தர் எங்கள் வடக்குத் தெரு அப்பத்தா. வயசு எண்பதுக்குக் கிட்டே. நேர் சொந்தம் இல்லை, ஆனால் தெருவுக்கே அப்பத்தா. அப்பாவின் நோட்டில் 2017-க்கு நேராக: 'வடக்குத் தெரு பெரியம்மா, ரூ.500.'

சாப்பாடு ஏ ஒன். எலும்புக் குழம்பை ரெண்டாம் தரம் கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள் (ஊரில் கணக்கு எழுதப் போகிறவனுக்கு எப்போதும் மரியாதை உண்டு). வெளியே மேசைகள். அப்பத்தாவின் மேசை வரிசையில் கடைசி. பேரன் லாப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். நான் ஆயிரம் ரூபாயை நீட்டினேன்: ஐந்நூறு பழையது, ஐந்நூறு புதுசு. பெயரை டைப் செய்தான். லாப்டாப் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பந்தலில் கரண்ட் போய், பாட்டரியும் போய், ஸ்க்ரீன் கறுப்பாகிவிட்டது.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "நாந்தான் அப்பவே சொன்னேன்ல" என்று இடுப்பிலிருந்து ஒரு நாப்பது பக்க ஸ்கூல் நோட்டை உருவி என்னிடம் நீட்டினார்.

"நீயே எழுதுய்யா. ஒங்க அப்பன் எழுத்துத்தான் அதுல பாதிக்கு இருக்கும்."

பிரித்தேன். நிஜமாகவே அப்பாவின் எழுத்து. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. எத்தனையோ வருஷமாக யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதைத் தெருவில் படித்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் ஆயிரத்தை எழுதி, அப்பாவின் ஐந்நூறு பக்கத்தில் டிக் அடித்தேன்.

"இன்னும் யாரு யாரு தரணும்னு வாசி பாப்போம்."

வாசித்தேன். ஒவ்வொரு பேருக்கும் "ஆமா", "அவன் வந்துட்டான்", "அவ சாயந்தரம் வருவா" என்று பதில். நாலு பேரில் நான் தயங்கினேன். நாலு பேரும் இப்போது இல்லை. ரெண்டு பேர் கொரோனாவில் போனவர்கள்.

"அப்பத்தா, இவங்கல்லாம் போயிட்டாங்களே... அடிச்சிரவா?"

அப்பத்தா என் கையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காத. ஆளுதானே போயிருக்கு, வீடு இருக்குல்ல? அவன் மகன் கொண்டாருவான். கொண்டாரலேன்னா அவனுக்கு என்ன கஷ்டமோன்னு நான் போய்ப் பாக்கணும். நீ அடிச்சிட்டா நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

நான் நோட்டை மூடிக் கொடுத்தேன். அப்பத்தா ஆயிரத்தை ரெண்டு தரம் எண்ணி முடிந்துகொண்டார். ரெண்டே நோட்டுதான், ஆனாலும் ரெண்டு தரம்!

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸ் 1925-ல் உலகத்து ஜனங்களின் பரிசுப் பழக்கங்களை ஆராய்ந்து எழுதினார். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே கடமை. அந்தக் கடமைதான் மனுஷர்களைக் கட்டி வைக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. கொரியாவில்கூட கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, கவரை வாங்கிப் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். அப்பத்தா சொன்னது அதற்கும் ஒரு படி மேலே. வராத மொய், நஷ்டக் கணக்கு இல்லை. எந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை என்று சொல்லும் தகவல். வாராக் கடன் என்று அதைத் தள்ளுபடி செய்தால் கூடவே அந்த வீட்டையும் தள்ளுபடி செய்கிறோம்.

அதே சமயம் மாப்ளையின் ஆப் லோனையும் நான் மறக்கவில்லை. உறவைக் காப்பாற்றுவதற்காக உண்டான பழக்கம், ஒருத்தனை ராத்திரி தூங்கவிடாமல் செய்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

சம்பளக்காரருக்குச் சில யோசனைகள்

மாப்ளையும் நானும் ரெண்டு டீ, நாலு வடை செலவில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து போட்ட திட்டம் இது. மொய் இல்லாத ஊர்க்காரர்கள் 'கல்யாணச் செலவு', 'ஊர் வரி', 'நண்பன் கைமாத்து' என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ஒன்று: நோட்டைப் பார்க்க ஆடி வரை காத்திருக்க வேண்டாம். தை மாசமே திருப்ப வேண்டியவர் பட்டியலை எடுத்து, யார் யாருக்கு இந்த வருஷம் முறை என்று விசாரித்து, தொகையை மாசத்துக்குப் பிரித்துவிடுங்கள். தொண்ணூறாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 7,500. அதுவும் கனம்தான், ஆனால் தூக்கக்கூடிய கனம்.

இரண்டு: அந்தப் பணத்துக்குத் தனியாக ஓர் ஆர்.டி. போடுங்கள். வட்டி வருகிறதோ இல்லையோ, கண்ணில் படாமல் இருக்கும். கண்ணில் படாத பணமே பணம்.

மூன்று: திருப்பும் மொய் கட்டாயம், புது மொய் உங்கள் சக்திக்கு. ஐந்துக்கு ஐந்து புதுசாகப் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. கடன் வாங்கிப் புது மொய் எழுதவே எழுதாதீர்கள். வாங்கியதை மட்டும் திருப்பினால் 'முறிச்சிட்டான்' என்று பேசுவார்கள் என்ற பயம் இருந்தால், முன்னாடியே வீட்டுக்குப் போய் நிலைமையைச் சொல்லிவிடுங்கள். பந்தலில் பேசுவதைவிடத் திண்ணையில் பேசுவது நல்லது.

நான்கு: விருந்து வைப்பதாக இருந்தால் பணம் எதற்கு என்பதை முதலில் எழுதி வையுங்கள். போர், படிப்பு, கடை... ஏதோ ஒன்று, ஒன்றே ஒன்று. கையில் ஆறு லட்சம் இருக்கும்போது எல்லாப் பொருளும் அவசியமாகத்தான் தெரியும். அது உங்கள் பணம் இல்லை, அஞ்சு வருஷத்துக்கு உங்களிடம் வந்து தங்கியிருக்கிற விருந்தாளி.

ஐந்து: கல்யாணத்துக்கு மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. மற்ற சமயங்களில், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அது வரிக் கணக்கில் வரும். மொய் விருந்தில் வருவது அன்பளிப்பா, திருப்ப வேண்டிய கடனா என்பதை உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அவரையும் பந்திக்குக் கூப்பிட்டால் பேச்சு சுலபமாகும்.

மாப்ள முதல் வேலையாக ஆப் லோனை முடித்தான். பைக் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அதற்குப் போனது. முகம் தொங்கித்தான் இருந்தது. ஆனால் மீதி பத்திரிகைகளைப் பார்க்கும்போது கை நடுங்கவில்லையாம். நாலு வீட்டுக்கு நேரில் போய், "இந்தத் தடவை திருப்புறது மட்டுந்தான் மாமா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மூன்று பேர், "அதுக்கென்ன மாப்ள, வந்து சாப்பிடு" என்றார்களாம். ஒருத்தர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். நாலில் மூன்று, எழுபத்தஞ்சு பெர்சன்ட். டிஸ்டிங்ஷன்!

நானும் என் பத்தொன்பது பேரை இனம் பிரித்துவிட்டேன். வெறும் முகத்தாட்சண்யத்துக்கு எழுதி வந்த ஆறு கணக்குகளை இந்த இரண்டு வருஷத்தில் கௌரவமாகத் திருப்பி முடித்துவிடுவது. மற்ற பதின்மூன்றும் தொடரும். அப்பத்தா கணக்கு நிச்சயமாகத் தொடரும். அப்பாவின் நோட்டில் இல்லாமல் போனவர்கள் பேரை அடிக்கவில்லை. பக்கத்தில் மகன் பேரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ரெண்டு பேரிடம் பேசியும் விட்டேன். ஒருத்தன் கோயம்புத்தூரில் வேலையில்லாமல் இருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. திருப்பூர் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் கணக்கைக் காட்டினேன். எக்ஸெல்லைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தார். "சரி, வச்சிருவோம்" என்றார். ஆவணி மூன்றாவது ஞாயிறு, ஒன்பது குடும்பத்தோடு சேர்ந்து. வருகிற பணம் ஒரே ஒரு காரியத்துக்கு: கஜாவில் விழுந்த பலாத் தோப்பில் இன்னும் வெறுமையாகக் கிடக்கிற பாதியில் கன்று வைத்து, சொட்டு நீர் போடுவது.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கும் ஓர் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால் பரவாயில்லை. இந்தக் கட்டுரைக்கான சன்மானத்தை அப்படியே மொய்யாக எழுதிவிடலாம். திருப்பிக் கொடுக்கும் முறை வரும்போது ஒரு கட்டுரை, மேலே புதிதாக ஒரு துணுக்கு... கட்டாயம் எழுதுவேன்!